ஒரு குடைக்குள் ஐந்து பாடம்

ஐப்பசி மாதத்துக் காலைப்பொழுது. நமுனுகுல மலையுச்சி முகிலுக்குள் மறைந்து கிடக்கிறது. பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பாதையின் இருமருங்கிலும் தேயிலைச் செடிகள் மழையில் நனைந்து மினுமினுக்கின்றன. பெரட்டு முடிந்து, கொழுந்தெடுக்கும் பெண்கள் இடுப்பிற் படங்கும் தலையிற் கொங்காணியுமாக மலையேறிவிட்டார்கள். லயத்துப் பிள்ளைகளோ, புத்தகப் பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, உரப்பையைத் தலையிற் கவிழ்த்துக்கொண்டு, வழுக்கும் குறுக்குப் பாதைவழியே பாடசாலைக்கு இறங்கி வருகிறார்கள். வழி நெடுக அவர்கள் வாய் ஓய்வதில்லை. நேற்றிரவு ஒழுகிய கூரையைப் பற்றியும், ஓடையிற் பெருகிய நீரைப் பற்றியும், பாக்குமரத்திற் கண்ட குரங்கைப் பற்றியும் ஓயாத பேச்சு, ஓயாத சிரிப்பு.

பாடசாலைக்குள் வந்து அமர்ந்து, ஆசிரியை புத்தகத்தைத் திறந்ததும் அந்த வாய்களெல்லாம் ஒருங்கே மூடிக்கொள்கின்றன. கேட்ட கேள்விக்குப் பதில் வருவதில்லை. வந்தாலும் ஒரு சொல்லோடு நின்றுவிடுகிறது. “பிள்ளைகள் மந்தம்” என்று சிலர் தீர்ப்பளித்துவிடுகின்றனர். பாதையிலே அத்தனை பேசிய பிள்ளை பாடத்திலே மந்தமாகிவிடுவது எங்ஙனம்? இக்கேள்விக்கு விடை காண்பது பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் உரிய கடமை என்று கருதுகிறோம்.

காரணம் இரண்டு. பிள்ளை வீட்டிலே பேசும் தமிழ் வேறு. புத்தகம் பேசும் தமிழ் வேறு. “காம்பிரா” என்றும் “தொங்கல்” என்றும் “பிள்ளைக்காம்பிரா” என்றும் பேசிப் பழகிய நாவுக்கு, அச்சொற்கள் எவையும் இல்லாத ஏடு அந்நியமாகத் தோன்றுகிறது. இது முதற் காரணம். இரண்டாவது, பாடசாலை நாளைத் துண்டு துண்டாக நறுக்கிவிடுகிறது. இந்த மணிக்குத் தமிழ், அடுத்த மணிக்குக் கணக்கு, அதற்கடுத்த மணிக்குச் சுற்றாடல் என்று மணியடித்துப் பிரிக்கிறோம். ஏழெட்டு வயதுப் பிள்ளையின் மனமோ அவ்வாறு பிரிந்து கிடப்பதில்லை. மழையைப் பார்க்கும் பிள்ளை அதனைப் பாட்டாகவும் கணக்காகவும் சித்திரமாகவும் அச்சமாகவும் ஒரே கணத்திற் பார்க்கிறது.

இவ்விரு குறைகளையும் ஒருங்கே தீர்க்கும் வழி ஒன்று உண்டு. அதற்குப் பெரும் பொருட்செலவு வேண்டுவதில்லை. நல்ல கதை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதனை நடுவில் நிறுத்தி, மொழியும் கணக்கும் சுற்றாடலும் கலையும் ஒழுக்கமும் அதனைச் சுற்றி வரும்படி இரு வாரப் பாடத்தை ஒழுங்கு செய்வதே அவ்வழி.

சட்டத்துக்குப் புறம்பானதன்று

“பாடவிதானம் இதற்கு இடங்கொடுக்குமா?” என்று ஆசிரியர் சிலர் ஐயுறக்கூடும். இடங்கொடுப்பது மாத்திரமன்று; அதுவே இதனை வேண்டி நிற்கிறது. 1999ஆம் ஆண்டில் நாடெங்கும் முதலாந் தரத்திலிருந்து நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், தாய்மொழி, கணிதம், சமயம் என்பவற்றோடு “சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்” என்ற ஒன்றிணைந்த பாடத்தையும் வைத்தது. வழிகாட்டப்பட்ட விளையாட்டு, செயற்பாடு, மேசை வேலை என மூன்று வழிகளிற் பிள்ளை கற்கவேண்டும் என்றும் அது வகுத்தது. ஆயினும் ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் நிழல் கீழ் வகுப்புகள் வரை நீண்டு, மேசை வேலையொன்றே மிஞ்சிவிட்ட வகுப்பறைகள் பல உள என்பதை யாவரும் அறிவர்.

மலையகத்துக்கு இம்முறை முற்றிலும் புதியதுமன்று. கங்காணிமார் தம் லயத்தில் நடத்திய பள்ளிகளும், 6 வயது முதல் 10 வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் துரைமார் மீது சுமத்திய 1907ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் எழுந்த தோட்டப் பாடசாலைகளும் பெரும்பாலும் ஒரே அறையும் ஒரே உபாத்தியாயரும் கொண்டவையாகவே இருந்தன. ஐந்து வகுப்புப் பிள்ளைகளும் ஓரறையில் இருக்க, ஒருவர் ஐந்து பாடங்களைத் தனித்தனியே நடத்துவது எவ்வாறு? ஒரு கதையையோ பாட்டையோ எல்லோருக்கும் பொதுவிற் சொல்லி, சிறியவர்க்கு எழுத்தும் பெரியவர்க்குக் கட்டுரையும் அதிலிருந்தே கொடுப்பது அக்காலத்து உபாத்தியாயர்க்குத் தேவை கற்பித்த பாடமாகும். 1970களில் அரசாங்கம் தோட்டப் பாடசாலைகளைப் பொறுப்பேற்றது. 1990களிற் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்து, மலையகத்துக்கெனப் பயிற்சி பெற்ற ஆசிரியர்களை அனுப்பத் தொடங்கியது. கட்டடங்கள் வந்தன, வகுப்புகள் பிரிந்தன. அவற்றோடு கதையும் பாடத்திலிருந்து பிரிந்து போய்விடவேண்டும் என்பதில்லை.

ஊவா மண்ணிற் கதைக்குப் பஞ்சமும் இல்லை. மலையகச் சிறுகதைக்குப் பெருமை சேர்த்த தெளிவத்தை ஜோசப் (1934–2022) பதுளைப் பகுதித் தோட்டத்திற் பிறந்து, தோட்டப் பாடசாலையிற் கற்பித்தவர். அவர் ஆசிரியராயிருந்த தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரே அவர் பெயரின் முன் நின்று நிலைத்துவிட்டது. வகுப்பறையும் இலக்கியமும் ஒரே மனிதரிடத்திற் கூடியிருக்க முடியும் என்பதற்கு இதனினும் அணித்தான சான்று வேண்டுமோ?

இரு நாடுகளின் அனுபவம்

குஜராத்தைச் சேர்ந்த கிஜுபாய் பதேகா (1885–1939) வழக்கறிஞராயிருந்தவர். தமக்கு மகன் பிறந்தபின் குழந்தைக் கல்வியிற் கருத்தூன்றி, வழக்குமன்றத்தை விட்டு வகுப்பறைக்கு வந்தவர். 1920இல் பாவநகரிற் குழந்தைகள் பள்ளியொன்றைத் தொடக்கினார். “பகற் கனவு” என்று தமிழிற் பொருள்படும் அவரது நூலில், ஆசிரியர் ஒருவர் நாலாம் வகுப்பொன்றை ஓராண்டுக்குப் பரிசோதனையாகப் பொறுப்பேற்கிறார். முதல்நாளே அவருடைய திட்டங்கள் குலைகின்றன, பிள்ளைகள் கூச்சலிடுகின்றனர். மறுநாள் அவர் கதை சொல்லத் தொடங்குகிறார். வகுப்பு அமைதியடைகிறது. அக்கதையிலிருந்தே வாசிப்பும் எழுத்தும் நாடகமும் ஒன்றன்பின் ஒன்றாகப் பிறக்கின்றன. கற்பனைப் பாத்திரத்தின் வாயிலாகச் சொல்லப்பட்டபோதிலும் அது பள்ளியிற் பெற்ற அனுபவத்தின் சாரம்.

நியூசிலாந்து நாட்டிலே மாவோரி இனப் பிள்ளைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்ரன்-வார்னர் என்னும் அம்மையார் வேறொரு வழி கண்டார். வெளியிலிருந்து வந்த வாசிப்புப் புத்தகம் அப்பிள்ளைகளின் மனத்தைத் தொடவில்லை. எனவே, “உனக்கு இன்று எந்தச் சொல் வேண்டும்?” என்று ஒவ்வொரு பிள்ளையையும் கேட்டு, அது சொன்ன சொல்லையே அட்டையில் எழுதிக் கொடுத்தார். அம்மா, பேய், முத்தம் போன்ற சொற்களைப் பிள்ளைகள் ஒருமுறை பார்த்தே மனத்திற் பதித்துக்கொண்டன. 1963இல் வெளிவந்த தம் நூலில் இதனை அவர் விரித்துரைத்துள்ளார். நம் லயத்துப் பிள்ளையின் நிலைக்கும் மாவோரிப் பிள்ளையின் நிலைக்கும் உள்ள ஒற்றுமை வெளிப்படை.

எந்தக் கதை?

கதையைத் தேர்வதிலேதான் பாதி வெற்றி அடங்கியிருக்கிறது. நாம் இங்கே உதாரணமாக எடுத்துக்கொள்வது, சிபில் வெத்தசிங்க (1927–2020) என்னும் சிங்கள எழுத்தாளர் எழுதிச் சித்திரமும் தீட்டிய “குட ஹொரா” என்னும் குடைத் திருடன் கதையை. 1956இல் தோன்றிய இக்கதை பல மொழிகளிற் பெயர்க்கப்பட்டு, ஜப்பானியப் பிள்ளைகளாலும் விரும்பிப் படிக்கப்பட்டது.

கதை எளியது. குடையையே கண்டறியாத ஒரு கிராமம். மழை வந்தால் அவ்வூரார் வாழையிலையையும் சேம்பிலையையும் சாக்கையும் தலையிற் பிடித்துக்கொள்வர். கிரி மாமா என்பவர் முதன்முறையாகப் பட்டணத்துக்குப் போய்க் குடையைக் காண்கிறார். மனம் பூரித்து ஒன்றை வாங்கி வருகிறார். ஊருக்குத் திரும்பியதும் கோப்பிக் கடையிற் சற்றுத் தங்குகிறார். அதற்குள் குடை களவு போய்விடுகிறது. மறுபடி வாங்குகிறார், மறுபடியும் களவு. இறுதியில் குடைக்குள் காகிதத் துண்டுகளைப் போட்டு வைத்து, அவை சிந்திய தடம்பற்றிப் போய், மரமொன்றிலே தம் குடைகளெல்லாம் தொங்கக் காண்கிறார். அனைத்தையும் எடுத்துக்கொண்ட அவர், திருடனுக்கென ஒன்றை மாத்திரம் விட்டு வருகிறார். அவ்வூரில் ஒரு குடைக்கடையும் வைக்கிறார். திருடன் யாரெனப் பின்னர் பார்த்தால், அது ஒரு குரங்கு!

இக்கதையை ஏன் தேர்ந்தோம்? முதலாவது, இதில் வரும் மழையும் சாக்கும் சேம்பிலையும் குரங்கும் நம் பிள்ளையின் அன்றாட வாழ்விலே உள்ளவை. இரண்டாவது, “அடுத்து என்ன?” என்ற ஆவல் ஒவ்வொரு கட்டத்திலும் எழுகிறது. மூன்றாவது, இது அயற்கிராமத்துப் பிள்ளையின் மொழியிற் பிறந்த கதை. ஊவாவிலே தோட்டமும் சிங்களக் கிராமமும் ஒரே ஓடையின் இரு கரைகளில் இருப்பன. ஒரே கதையை இரு கரைப் பிள்ளைகளும் அறிந்திருப்பது நன்றன்றோ?

இக்கதைதான் வேண்டும் என்பதில்லை. நவாலியூர் சோமசுந்தரப் புலவர் சிறுவர்க்கெனப் பாடிய கத்தரித் தோட்டத்து வெருளியையும், சி. வி. வேலுப்பிள்ளை மலைநாடெங்கும் தேடித் தொகுத்த மக்கள் பாடல்களுள் ஒரு தாலாட்டையும் இவ்வாறே நடுவில் நிறுத்தலாம். எதை எடுத்தாலும் ஒன்றை மறக்கலாகாது: நாம் முதலிற் பாடத்தை எண்ணிக் கதையைத் தேடலாகாது. பிள்ளை இருமுறை கேட்க விரும்பும் கதையை முதலிற் தேர்ந்து, பின்னரே அதிலுள்ள பாடத்தைத் தேடவேண்டும்.

பத்து நாள் ஒழுங்கு

இரண்டாம், மூன்றாந் தரப் பிள்ளைகளுக்கென இரு வாரங்களுக்கு, நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினாற் போதும். பத்து நாளுக்கும் ஒரு கேள்வியே நூலிழையாக ஓடவேண்டும்: “மழையிலிருந்து நம்மைக் காப்பது எது?”

முதல்நாள் ஆசிரியர் புத்தகமின்றிக் கதை சொல்லுக. இரண்டாவது குடையும் களவு போன இடத்தில் நிறுத்திவிடுக. “திருடன் யார்?” என்று கேட்டுவிட்டு வீட்டுக்கு அனுப்புக. அன்றிரவு லயத்தில் எத்தனை தாய்மார் இக்கேள்விக்கு விடை சொல்ல நேரும்!

இரண்டாம் நாள் ஒவ்வொரு பிள்ளையும் தான் எண்ணிய திருடனை ஒரு வாக்கியத்திற் சொல்லட்டும். ஆசிரியர் அவ்வாக்கியங்களைத் திருத்தாமல், பிள்ளை சொன்னபடியே கரும்பலகையில் எழுதுக. அன்றைய வாசிப்புப் பாடம் அதுவே. தன் சொல் எழுத்தாகி நிற்பதைக் காணும் பிள்ளை, அதனை வாசிக்கத் தயங்காது. “கொங்காணி” என்றோ “படங்கு” என்றோ பிள்ளை சொன்னால் அதுவும் எழுதப்படவேண்டும். புத்தகச் சொல்லை அதன் பக்கத்தில் எழுதுக. அதன்மேல் எழுதி மூடிவிடலாகாது. ஒன்றை அழித்து மற்றொன்றைக் கற்பிப்பதைவிட, இரண்டையும் அறியச் செய்வதே செல்வம்.

மூன்றாம் நாள் கதை முடிகிறது. அன்று இரண்டாம் மொழியையும் தொட்டுக் காட்டலாம். தமிழிற் குடை, சிங்களத்திற் குடய. தமிழிற் கடை, சிங்களத்திற் கடய. மாமா இரு மொழியிலும் மாமாவே. இதனைக் கண்டுபிடிக்கும் பிள்ளையின் கண்ணில் தோன்றும் ஒளியே ஆசிரியருக்குச் சம்பளம்.

நான்காம், ஐந்தாம் நாட்கள் கணக்குக்கு உரியன. குடையொன்றை விரித்து வைத்துக் கம்பிகளை எண்ணச் செய்க. பெரும்பாலும் 8 கம்பிகள் இருக்கும். இரண்டு குடைக்கு 16, மூன்றுக்கு 24 என எட்டாம் வாய்பாடு எண்ணிக்கையாகவே வந்துவிடுகிறது. வட்டக் காகிதத்தை மும்முறை மடித்து விரித்தால் எட்டுச் சம பங்குகள் தோன்றும். பாதியும் காலும் அரைக்காலும் கைப்பொருளாகிவிடும். மூன்றாந் தரத்தார்க்குக் கொழுந்துக் கணக்கும் கொடுக்கலாம். “அம்மா 21 கிலோ கொழுந்து நிறுத்தார். சாக்குக்கும் மழை ஈரத்துக்குமாக 3 கிலோ கழித்தார்கள். மிகுதி எவ்வளவு?” இது புத்தகத்துக் கணக்கு அன்று, அடுப்படியிலே அன்றாடம் கேட்கும் கணக்கு. நிறுவைத் துண்டைத் தாயார் கையிலிருந்து வாங்கிச் சரிபார்க்கக் கூடிய பிள்ளை, கழித்தலின் பயனைக் கழித்தலோடே கற்றுவிடுகிறது.

ஆறாம், ஏழாம் நாட்களிற் சுற்றாடல். வாழையிலை, சேம்பிலை, சாக்குத் துண்டு, சேலைத் துணி, பொலித்தீன் என்பவற்றைக் கிண்ணங்களின்மேல் விரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி நீர் ஊற்றுக. எது நீரை விட்டது? எது தடுத்தது? சேம்பிலையில் நீர் முத்துப்போல் உருண்டோடக் கண்ட பிள்ளை, காரணம் கேட்கும். இலையின்மேல் மெழுகு போன்ற நுண்ணிய படலம் இருக்கிறது என்று அப்போது சொன்னாற் போதும். கதையில் வரும் குரங்கைப் பற்றியும் அன்று பேசலாம். சிங்களத்தில் “ரிலவா” எனப்படும் செங்குரங்கு, உலகில் இலங்கைத் தீவில் மாத்திரமே இயற்கையாக வாழ்வது. பாக்குமரத்திலே கண்டு கல்லெறிந்த குரங்கு இத்தனை அரியதா என்று பிள்ளை வியப்புறும்.

எட்டாம் நாள் ஒழுக்கத்துக்கு உரியது. இங்கே ஆசிரியர் உபதேசம் செய்யலாகாது. ஒரு கேள்வியோடு நின்றுவிடவேண்டும். “திருடனுக்கு ஏன் ஒரு குடையை விட்டு வந்தார்?” பிள்ளைகள் வாதிடட்டும். “திருடினால் அடிக்கத்தானே வேண்டும்?” என்று ஒன்று சொல்லும். “அதுவும் நனையுந்தானே டீச்சர்?” என்று மற்றொன்று சொல்லும். இவ்விரண்டாம் பிள்ளை சொன்னதைவிடச் சிறந்த சமயபாடம் நமக்குத் தெரிந்தமட்டில் இல்லை.

ஒன்பதாம் நாள் நாடகம். மலையகப் பிள்ளைக்குக் கூத்தைக் கற்பிக்க வேண்டியதில்லை. காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் ஆடிய மண்ணிலே பிறந்தவர்கள் அவர்கள். ஒரு தகரமே தப்பாகி ஒலிக்க, கிரி மாமாவும் குரங்கும் கோப்பிக் கடைக்காரரும் வகுப்பறையில் ஆடுவர். வாசிப்பிற் பின்தங்கிய பிள்ளை ஆட்டத்தில் முன்னிற்பதை அன்று காணலாம்.

பத்தாம் நாள் பெற்றோர் நாள். ஒவ்வொரு பிள்ளையும் தான் எழுதி வரைந்த நாலு பக்கப் புத்தகத்தைத் தாய்க்கு வாசித்துக் காட்டவேண்டும். பகலிற் கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் வருவது அரிது. அரைப்பேர் விழுந்துவிடும் என்ற அச்சம் நியாயமானதே. ஆகையால் வேலை முடியும் மாலையில் இதனை வைத்துக்கொள்வது நன்று.

செய்யத்தகாதன

இம்முறையைக் கெடுக்கும் பிழைகள் மூன்று. கதையைப் பிழிந்து பாடமாக்குவது முதற் பிழை. “கதையில் எத்தனை பெயர்ச்சொற்கள் உள?” என்று கேட்கத் தொடங்கிய கணமே கதை செத்துவிடுகிறது. பொருந்தாததைப் பொருத்துவது இரண்டாவது. குடை கறுப்பு, காகமும் கறுப்பு, ஆகவே இன்று காகம் பற்றிப் படிப்போம் என்பது ஒன்றிணைப்பு ஆகாது. அது வெறும் சொல் விளையாட்டு. கணக்குப் பாடத்தில் வாய்பாடு பயில வேண்டிய நேரத்தை முற்றாகப் பறிப்பது மூன்றாவது. கதை வாயில், வாயிலிலேயே நின்றுவிட்டால் வீட்டுக்குள் எப்போது போவது? பயிற்சி வேண்டிய இடத்திற் பயிற்சியே வேண்டும்.

பிள்ளை கற்றதை எவ்வாறு அறிவது? பத்து நாளும் ஆசிரியர் ஒரு சிறு கொப்பி வைத்திருந்து நாலே விடயங்களைக் குறிக்கலாம். பிள்ளை கதையை முன்பின் மாறாமற் சொல்லுகிறதா? தான் சொன்ன வாக்கியத்தை வாசிக்கிறதா? கழித்தலைச் சரியாகச் செய்கிறதா? தானாக ஒரு கேள்வி கேட்டதா? புலமைப்பரிசிலை எண்ணிக் கவலையுறும் பெற்றோருக்கு ஒன்று கூறுவோம். வாசித்துப் பொருள் காணாத பிள்ளை எத்தனை மாதிரி வினாத்தாள் செய்தும் பயனில்லை. கதை தருவது அந்தப் பொருள் காணும் ஆற்றலையே.

போத்தலில் மூன்று கோடுகள்

இனி, இப்பாடத்தில் யாம் பெரிதும் மதிக்கும் பகுதிக்கு வருகிறோம். முதல்நாளிலேயே பாடசாலை முற்றத்தில், மரநிழலும் கூரைத் தாழ்வாரமும் எட்டாத வெளியில், ஒரு மழைமானியை வைத்துவிடவேண்டும். பக்கங்கள் நேராக உள்ள பெரிய பிளாஸ்ரிக் போத்தலின் கழுத்தை வெட்டி, அதனையே தலைகீழாகக் கவிழ்த்துப் புனலாக வைக்கலாம். போத்தலின் அடி மேடு பள்ளமாயிருப்பதால், சிறு கற்களிட்டு, மட்டமாகும் வரை நீர் ஊற்றி, அவ்விடத்தைச் சுழியம் எனக் குறிக்கவேண்டும். அதற்குமேல் மில்லிமீற்றர் அளவுகோலை ஒட்டுக. ஒவ்வொரு நாளும் காலை எட்டரை மணிக்கு இரு பிள்ளைகள் சென்று அளவைப் பார்த்து, நீரைச் சுழியம் வரை வடித்துவிட்டு, அந்த உயரத்துக்கு நீலக் காகிதத் துண்டொன்றை வெட்டிச் சுவரில் ஒட்டட்டும். பத்தாம் நாளில் மழையின் வரைபடம் சுவரிலே நிற்கும். ஒரு மில்லிமீற்றர் மழை என்பது, ஒரு மீற்றர் நீளமும் ஒரு மீற்றர் அகலமும் உள்ள நிலத்தில் ஒரு லீற்றர் நீர் விழுந்ததற்குச் சமம். மூன்றாந் தரப் பிள்ளைக்கு இது விளங்கும்.

போத்தலில் மேலும் மூன்று கோடுகள் இடவேண்டும்: 75இல் மஞ்சள், 100இல் செம்மஞ்சள், 150இற் சிவப்பு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்குப் பொதுவாகக் கொள்ளும் அளவுகள் இவை. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்து மேலும் தொடருமாயின் விழிப்பாயிருக்கவேண்டும். 100 ஆயின் வெளியேற ஆயத்தமாகவேண்டும். 150 ஆயின் அபாயமான சரிவை விட்டு நீங்கவேண்டும்.

ஏழு வயதுப் பிள்ளைக்கு இது எதற்கு என்று கேட்பீர்களாயின், 2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் திகதியை நினைவூட்டுகிறோம். அன்று காலை ஏழு மணிக்குப் பின், இதே பதுளை மாவட்டத்தில், கொஸ்லாந்தையை அடுத்த மீரியபெத்த தோட்டத்து லயங்களின்மேல் மலை சரிந்து விழுந்தது. பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்த பிள்ளைகள் உயிர் தப்பினர். திரும்பி வந்தபோது சிலருக்கு வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அவ்விடம் குடியிருக்கத் தக்கதன்று என்ற எச்சரிக்கை 2005இலும் 2011இலும் கொடுக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை தாளில் இருந்தது; லயத்துப் பேச்சில் இருக்கவில்லை. குடியிருப்பை மாற்றும் பொறுப்பு பெரியவர்களுடையது. அதனைப் பிள்ளைகளின் தோளில் ஏற்ற நாம் விரும்பவில்லை. ஆயினும் எச்சரிக்கையைத் தாளிலிருந்து பேச்சுக்குக் கொண்டுவரும் ஆற்றல் கதை கேட்ட பிள்ளைக்கு உண்டு.

எனவே, அளவோடு அடையாளங்களையும் கற்பிக்கவேண்டும். நிலத்திலும் சுவரிலும் புதிய வெடிப்புகள் தோன்றுதல்; மரங்களும் மின்கம்பங்களும் சாய்தல்; இல்லாத இடத்திற் புதிய ஊற்றுக் கிளம்புதல்; தெளிந்திருந்த ஊற்று திடீரெனக் கலங்குதல் அல்லது வற்றுதல். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் உடனே பெரியவர்களுக்குச் சொல்லவேண்டும். பெரியவர்கள் அதனைச் சிறுபிள்ளைப் பேச்சென்று தள்ளலாகாது. பாடசாலைப் போத்தல் அதிகாரிகளின் எச்சரிக்கைக்கு ஈடாகாது என்பதையும் சொல்லிவைக்கவேண்டும். போத்தல் காட்டுவதற்கு முன்னரே எச்சரிக்கை வந்துவிட்டால் அதற்கே பணிதல் வேண்டும். அச்சமூட்டுவது நமது நோக்கமன்று. “மழையிலிருந்து நம்மைக் காப்பது எது?” என்ற கேள்விக்குச் சேம்பிலை, சாக்கு, குடை என்று விடை சொல்லி வந்த பிள்ளை, பத்தாம் நாளில் “தெரிந்துகொள்வது” என்ற விடையையும் சேர்த்துக்கொள்ளவேண்டும் என்பதே நோக்கம்.

வீட்டார்க்கு ஒரு வார்த்தை

இவ்வளவையும் ஆசிரியர் ஒருவர் தனித்துச் செய்தல் இயலாது. வீட்டார் செய்யக்கூடியது ஒன்றுண்டு; அதற்குப் படித்திருக்கவும் வேண்டியதில்லை. அப்பாயிக்கும் அம்மாயிக்கும் தெரிந்த கதைகளைப் பிள்ளைக்குச் சொல்லுங்கள். குடையில்லாத காலத்தில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு மலையேறிய நாட்களைச் சொல்லுங்கள். பிள்ளை பாடசாலையிலிருந்து கொண்டு வரும் கதையை அடுப்படியிலிருந்தே செவிமடுங்கள், “பிறகு என்ன?” என்று ஒரு முறை கேளுங்கள். வேலைக் களைப்பின் நடுவே கேட்கும் அவ்விரு சொற்கள் பிள்ளைக்கு எத்தனை ஊக்கம் தரும் என்பதைச் சில நாட்களிலேயே காண்பீர்கள்.

மாணவச் செல்வங்களுக்கும் ஒன்று. கீழ் வகுப்புத் தம்பி தங்கையருக்குக் கதை வாசித்துக் காட்ட நாளுக்கு பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். உங்கள் வாசிப்பும் அதனால் வளரும்.

மாலையில் பாடசாலை விட்டதும் அப்பிள்ளைகள் அதே குறுக்குப் பாதையில் ஏறிப் போவர். வழியெல்லாம் பேச்சும் சிரிப்பும் மறுபடி தொடங்கும். காலையில் வாசலிலே நின்றுவிட்ட அப்பேச்சை வகுப்பறைக்குள் அழைத்து வந்து அமர்த்துவதே நாம் வேண்டுவது. வரும் ஐப்பசி மழையில் ஊவாவின் ஒரு தோட்டப் பாடசாலையிலேனும் கிரி மாமாவின் குடை விரியுமாயின், இக்கட்டுரையின் பயன் நிறைவெய்தும்.